மசக்கைக்கு ஒரு மிலிட்டரி பாட்டில்

விளக்கு வைக்கிற நேரம். போன் அடித்தது. எடுத்தால் கன்னியம்மா.

"அண்ணி, ஞாயித்துக்கெழம இந்தப் பக்கம் வரேன்னீங்களே... வரும்போது அண்ணன் கோட்டாவுல ஒரு பாட்டில் பிராந்தி எடுத்துக்கினு வர்றீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்னியம்மா என் கணவருக்குச் சித்தப்பா மகள். கீழ்பென்னாத்தூரில் கொஞ்சம் நிலம், வேர்க்கடலை, வாடகைக்கு ஓடும் ஒரு வேன் என்று வாழ்கிறவள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவள். பஸ்ஸில் யாராவது குடித்துவிட்டு ஏறினால் அடுத்த ஸ்டாப்பில் தானே இறங்கிவிடுவாள். அப்பேர்ப்பட்ட பொம்பளை பிராந்தி கேட்கிறாள்!

"யாருக்கு கன்னியம்மா?"

"நம்ம ரேவதிக்குத்தான்."

ரேவதி அவளுடைய மருமகள். ஏழு மாத கர்ப்பிணி!

அந்தப் பக்கம் கன்னியம்மா சாவகாசமாக விளக்கம் கொடுத்தாள். "கடையில விக்கிறதெல்லாம் கலப்படம்னு சொல்லிக்கிறாங்க அண்ணி. மிலிட்டரி சரக்குன்னா சுத்தமா இருக்குமாம். வயித்துப் புள்ளக்காரிக்கு நல்லதா குடுக்கணும் இல்ல?"

அக்கறை... என்ன ஒரு அக்கறை!

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை, ஒரு சொட்டு தொடமாட்டார். ஆனாலும் மாதாமாதம் பாட்டில் கோட்டா வாங்க மிலிட்டரி கேண்டீனுக்குப் போகிற தேதி நெருங்கினால் போதும், சொந்தக்காரர்களுக்கு அவர் மேல் பாசம் ஜாஸ்தியாகிவிடும். 'மாமா உடம்பு எப்படி இருக்கு?' என்று ஆரம்பித்து பாட்டிலில் வந்து முடிப்பார்கள். ஆனால் கர்ப்பிணிக்கு என்று கேட்டு வந்த முதல் போன் இதுதான்.

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பிராந்தியா, ரம்மா? எதுன்னு கேட்டியா?" என்றார்.

நான் பார்த்த பார்வையில் மறுபடியும் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனேன். பையில் சாத்துக்குடி மட்டும். கன்னியம்மா பையை வாங்கித் துழாவிப் பார்த்தாள். முகம் தொங்கிவிட்டது.

"கெடைக்கலீங்களா அண்ணி?"

"கிடைக்கலையா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? கர்ப்பமா இருக்கிறவளுக்குச் சாராயமா கொடுப்பாங்க?"

"ஐயோ, மெதுவா பேசுங்க. சாராயம் இல்ல அண்ணி. ஆசை! மசக்கை ஆசை!"

உங்களுக்கும் தெரிந்த நம்பிக்கைதான். கர்ப்பிணி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். சாம்பலைக் கேட்டாலும் மாங்காயைக் கேட்டாலும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான் என்று நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

நடந்தது இது. மூன்றாவது மாதத்தில் ரேவதிக்கு எதைப் பார்த்தாலும் குமட்டல். சோறு வேகிற வாசனை ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது. ஒரு நாள், அம்மா எவ்வளவு திட்டியும் குடியை விடாத புருஷன் ஏழுமலை திறந்து வைத்திருந்த பாட்டிலைப் பார்த்து, "அத்தை, இந்த வாசனை மட்டும் நல்லா இருக்குது" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். கன்னியம்மா ஒரு மூடி ஊற்றி, தண்ணீர் கலந்து, தன் கையாலேயே கொடுத்தாள்.

மூடி மறுநாளும் தொடர்ந்தது. பிறகு ரெண்டு மூடி. ஏழாவது மாதத்தில் டம்ளரில் கால்வாசி.

"நீ எப்படி கன்னியம்மா இதைச் செய்தே? உன் வீட்டுக்காரர் எதனால செத்தார்னு மறந்துட்டியா?"

"அது குடி அண்ணி. இது வேற" என்றாள். கொஞ்சம்கூடத் தடுமாறாமல் சொன்னாள். இதையே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு உடம்பு வலிக்காகக் குடித்திருந்தால் கன்னியம்மா என்ன சொல்லியிருப்பாள்? ஊரைக் கூட்டியிருப்பாள். வீட்டுக்குள், மாமியார் கையால், எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தால் பெயரே மாறிவிடுகிறது.

சரி, இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் வைத்திருந்தாள். அவளுடைய இரண்டாவது மகன் பச்சையப்பன். இப்போது பெரிய ஆள், டவுனில் ஜெராக்ஸ் கடையில் வேலை. சின்ன வயதிலிருந்து ஒரு காதில் சீழ். எப்போதும் பஞ்சு வைத்திருப்பான். அந்தக் காது சரியாகவும் கேட்காது.

"அவன் வயித்துல இருந்தப்ப எனக்குக் கருவாட்டுக் கொழம்பு மேல ஆசை அண்ணி. புரட்டாசி மாசம். என் மாமியா சட்டியையே தொடக்கூடாதுன்னுட்டா. நான் அழுதுகினே படுத்தேன். அப்புறம் பாருங்க, எம்புள்ள காது போச்சு. அன்னைக்கே முடிவு பண்ணேன். எம்மருமவ எதைக் கேட்டாலும் இல்லன்னு மட்டும் சொல்லமாட்டேன்."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது. கெட்ட எண்ணத்தோடு செய்கிறவர்களை ஒரு கை பார்க்கலாம். பாசத்தோடு செய்கிறவர்களை என்ன செய்வது?

ரேவதியைத் தேடிப் பின்பக்கம் போனேன். காயவைத்த வேர்க்கடலையைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். கை நிறைய வளைகாப்பு வளையல். பிளஸ் டூ படித்தவள், நல்ல சூட்டிகை. பிறந்த வீடு அடி அண்ணாமலை. அவளுடைய அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர் கடை போடுகிறாள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் போன வருஷம் ஐந்தாவது மாதத்தில் ஒரு குழந்தை கலைந்துபோனது அந்த வீட்டில் இருந்தபோது. அதனால் இந்த முறை அனுப்பமாட்டேன் என்று கன்னியம்மா நிறுத்திவிட்டாள்.

"உனக்கு நிஜமாவே அதுமேல ஆசையா ரேவதி?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

சிரித்தாள். "மொத நாள் வாசனை நல்லாத்தான் இருந்துச்சு பெரியம்மா. வாயில வெச்சா ஒரே கசப்பு. ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கிட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"எங்க தூங்கறது? கண்ண மூடுனா போன வருஷம் நடந்ததுதான் வருது. கொஞ்ச நேரம் கொழந்த அசையலன்னா எழுந்து உக்காந்துக்குவேன். மறுபடி அசையற வரைக்கும் உக்காந்தே இருப்பேன்."

போன முறை நடந்ததற்கு ஆளாளுக்குக் காரணம் சொன்னார்களாம். உச்சி நேரத்தில் கிணற்றுப் பக்கம் போனாள் என்று ஒருவர். பப்பாளி சாப்பிட்டாள் என்று இன்னொருவர். மலை சுற்றினாள், அதனால்தான் என்று மூன்றாமவர். எதைச் சொன்னாலும் குற்றவாளி மட்டும் இவள். 'உன்மேல தப்பில்லம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை.

"இதெல்லாம் உன் அத்தைகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேனே. பயமா இருக்குதுன்னு சொன்னேன். தாயத்து கட்டினாங்க. ஆசையா இருக்குதுன்னு சொன்னேன்... உடனே டம்ளர்ல வந்துடுச்சு."

கடலையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் ஒரு பெண் கேட்டதும் கிடைக்கிற காலம் என்று ஒன்று உண்டா? உண்டு. அந்தச் சில மாதங்கள் மட்டும். அதிலும் வாய்க்கு ருசியாக எதையாவது கேட்டால்தான். தூக்கம் வேண்டும், துணை வேண்டும், தைரியம் வேண்டும் என்றால் அது மசக்கையில் சேராது. இந்தப் பெண் என்ன செய்தாள்? எது கிடைக்குமோ அதைக் கேட்டாள்.

"வேணாம்னு சொல்லிப் பார்த்தியா?"

"ரெண்டு தடவ சொன்னேன். 'வாய்தான் வேணாங்குது, உள்ளாற கொழந்த கேக்குது'ன்னு அத்தை ஊத்திக் குடுத்துட்டாங்க. எனக்கும் ராத்திரி ஆச்சுன்னா மனசு அதத்தான் தேடுது பெரியம்மா. பொய் சொல்லல."

"ஏழுமலை என்ன சொல்றான்?"

"அவருக்கென்ன? முன்னல்லாம் அவரு குடிச்சிட்டு வந்தா நான் சண்ட போடுவேன். இப்ப எந்த வாயால போடறது?"

ஆக, வீட்டில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. வயிற்றில் இருக்கிறதற்கு மட்டும்தான் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கலையே. வூட்டுக்காரர் குடிப்பாரான்னு கேட்டாங்க. ஆமாம்னேன். எழுதிக்கினாங்க."

கேட்கமாட்டார்கள்தான். பூவும் பொட்டுமாக வந்து நிற்கிற பெண்ணிடம், 'நீ குடிப்பியாம்மா?' என்று எந்த நர்ஸ் கேட்பாள்? கேட்டால் கூட வந்த மாமியார் சும்மா விடுவாளா? கேட்கவே கூச்சப்படுகிற கேள்விக்குப் பதில் எப்படி வரும்?

அடுத்த நாளே புடவை எடுக்கப் போகிறோம் என்று சொல்லி, ரேவதியை டவுனுக்கு அழைத்து வந்தேன். எனக்குப் பழக்கமான டாக்டரம்மா ஒருவர் செங்கம் ரோட்டில் கிளினிக் வைத்திருக்கிறார். ரேவதி சொல்லச் சொல்ல முகத்தைச் சுளிக்காமல் கேட்டார். எவ்வளவு, எப்போதிருந்து, விட்டால் கை நடுங்குகிறதா, வேர்க்கிறதா என்று வரிசையாக விசாரித்தார். இல்லை என்று தெரிந்த பிறகு, ஸ்கேனும் செய்து பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க குடிக்கிறது உங்க ரத்தத்து வழியா குழந்தைக்கும் போகும். இவ்வளவு குடிச்சா பரவாயில்லைன்னு அளவெல்லாம் கிடையாது. குழந்தையோட வளர்ச்சி, மூளை எல்லாத்தையும் அது பாதிக்கலாம். இன்னையோட நிறுத்துங்க. எப்ப நிறுத்தினாலும் குழந்தைக்கு நல்லதுதான். நிறுத்தின பிறகு நடுக்கம், படபடப்பு எது வந்தாலும் உடனே இங்க வந்துடணும்."

"இதுவரைக்கும் குடிச்சதுக்கு?" ரேவதி கேட்டாள்.

டாக்டரம்மா மழுப்பவில்லை. "இப்பவே சொல்ல முடியாதும்மா. குழந்தை கொஞ்சம் சின்னதா இருக்கு. பார்த்துக்குவோம். உங்களைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. தூக்கம் ஏன் வரலை, அதைச் சொல்லுங்க முதல்ல."

அழ ஆரம்பித்தாள் ரேவதி. ரொம்ப நேரம் அழுதாள். வெளியே பேஷன்ட்கள் காத்திருந்தார்கள். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி உங்க பக்கத்துல யார் படுத்துக்கறாங்க?"

யாரும் இல்லை. ஏழுமலை வேனோடு போய்விடுவான். ரமணாசிரமம் பக்கம் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டில் விடுகிற சவாரி எல்லாம் ராத்திரியில்தான். கன்னியம்மாவுக்குக் களத்தில் கடலைக் காவல். இந்தப் பெண் தனியாக இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

புடவை எதுவும் இல்லாமல் திரும்பிய எங்களைப் பார்த்ததுமே கன்னியம்மாவுக்கு விளங்கிவிட்டது. நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கூடவே, பச்சையப்பன் காதைப் பற்றியும் கேட்டு வந்திருந்தேன். அதையும் சொன்னேன். "காதுல சீழ் வர்றது ஒரு நோய் கன்னியம்மா. சளி பிடிச்சு அது காதுக்குப் போறதால வரும். ஆசைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் காதுக்கு நீயும் காரணமில்லை, கருவாடும் காரணமில்லை."

பெரிய பாரத்தை இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் எரிந்து விழுந்தாள்!

"அப்ப எம்மாமியா பண்ணது தப்பே இல்லன்றீங்களா?"

செத்துப்போன மாமியாரை அத்தனை வருஷமும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வைதுகொண்டிருந்தாள். ஒரே நிமிஷத்தில் அதை நான் பிடுங்கிக்கொண்டால் சும்மா இருப்பாளா?

"தப்புதான். அழுதுக்கிட்டே உன்னைப் படுக்க வெச்சது தப்புதான். ஆனா காது அதனால போகலை."

"நான் இன்னா வெஷத்தையா குடுத்தேன்? ஆசைப்பட்டுக் கேட்டா, குடுத்தேன். புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க வந்து பாப்பீங்களா? உங்க டாக்டரம்மா வந்து பாப்பாங்களா?"

குரல் ஏறிக்கொண்டே போனது. நானும் விடவில்லை. வேன் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என்னிடம், "இன்னா அத்தை, ஒரு மூடிக்குப் போயி இவ்ளோ ரகளையா?" என்றான். அவனுக்கும் சேர்த்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் ரேவதி பேசினாள். "அத்தை... எனக்கு ஒரு ஆசை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் கன்னியம்மா பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டாள். "சொல்லும்மா. இன்னா வேணும்?"

"ராத்திரியில நீங்க எம்பக்கத்துல படுத்துக்கணும். கொழந்த பொறக்கற வரைக்கும் அவரு ராத்திரி வண்டி எடுக்கக் கூடாது. குடிச்சிட்டு உள்ள வரக் கூடாது. அந்த வாசனையே எனக்கு ஆவாது இனிமே."

"ஏய், இதெல்லாம் ஒரு ஆசையா?" என்று ஏழுமலை சிரித்தான். "பௌர்ணமிக்கு வண்டி புக் ஆயிடுச்சு. ஏர்போர்ட் சவாரி வேற இருக்குது."

கன்னியம்மா சிரிக்கவில்லை. மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இவ்வளவு நேரம் கத்தியது எதுவும் அவள் காதில் ஏறவில்லை, இது ஏறியது. டாக்டர் சொன்னதை நம்பினாளா என்றால், எனக்குத் தெரியாது. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசை என்று கேட்டதை இல்லை என்று சொல்ல அவளால் முடியாது.

"டேய்" என்றாள் மகனிடம். "பகல்ல மட்டும் வண்டி ஓட்டு. மீறிப் போனா இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத."

உள்ளே போனவள் தன் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு போய் ரேவதியின் அறையில் போட்டாள். எனக்குக் காபி கொடுக்கக்கூட மறந்துவிட்டாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. முதல் வாரம் முழுக்க ரேவதிக்குத் தூக்கம் இல்லை. மாமியாரும் மருமகளும் விழித்துக்கொண்டு கதை பேசினார்களாம். புரட்டாசிக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாளோ, பாவம்! ரெண்டாவது வாரம் கொஞ்சம் கண் அசந்தாள். ஏழுமலை ஒரு நாள் வழக்கம்போல் போதை ஏற்றிக்கொண்டு வந்து, கதவு திறக்காமல் வேனிலேயே படுத்தான். கொசுக்கடி அவனைத் திருத்தியதா, அம்மாவின் பிடிவாதம் திருத்தியதா என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வீட்டுக்குள் பாட்டில் வரவில்லை. ரேவதி தவறாமல் செக்கப்புக்குப் போனாள். கன்னியம்மாவும் கூடவே போய், "எம்மருமவ இப்பல்லாம் தொடறதே இல்லீங்க டாக்டரம்மா" என்று கிளினிக் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாளாம்.

பெண் குழந்தை. போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எடை கொஞ்சம் கம்மி. நன்றாகப் பால் குடிக்கிறது, வீறிட்டு அழுகிறது. வளர வளரப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போதே எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. அந்தக் கவலை ரேவதிக்கு இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். ஆனால் இப்போது அதை வாய்விட்டுச் சொல்கிறாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"எங்கடி கிளம்பறான்?"

"ஏர்போர்ட் சவாரி பெரியம்மா. நாளைக்குக் காலையிலதான் வருவாரு."

"மறுபடியும் ராத்திரி வண்டியா? போகாதேன்னு நீ சொல்லலையா?"

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ரேவதி சொன்னாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

"சொன்னேன். இப்பதான் என் வயித்துல யாரும் இல்லையே பெரியம்மா, யாரு கேக்கறது?"

இதற்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்... ஏழுமலை பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை, நானே நேரில் போய் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.